பாவாயி அக்காவின் நாற்பத்திரண்டு மாமரங்கள்

1. எண்ணெய்த் தலையோடு போனது

“மேடம், ஜேசிபி வந்துருச்சுங்க. எப்படியாச்சும் வந்துருங்க.”

பாவாயி அக்காவின் போன் வந்தபோது நான் ஆட்டையாம்பட்டியில் என் வீட்டு வாசலில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. தோட்டக்கலைத் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று முழுசாகக் கிடைத்ததில்லை. நெல்லுக்கும் கரும்புக்கும் நோய் வந்தால் வேளாண்மைத் துறைக்காரரைக் கூப்பிடுவார்கள். மா, கொய்யா, எலுமிச்சைக்கு வந்தால் என் தலைதான் உருளும். அன்றைக்கு அந்த எண்ணெய்த் தலையிலேயே ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

புதுச்சத்திரத்தில் ஹைவேயை விட்டு உள்ளே இறங்கினால் இரண்டு பக்கமும் கோழிப்பண்ணைகள். நடுவில் ஒரே ஒரு மாந்தோப்பு. அது செங்கோடன் அண்ணனுக்கும் அவர் சம்சாரம் பாவாயி அக்காவுக்கும் சொந்தம். மல்கோவா, இமாம்பசந்த், சேலம் குண்டு எல்லாம் கலந்து நாற்பத்திரண்டு மரம். அண்ணன் வடக்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அக்கா ஒற்றை ஆளாகக் கன்று நட்டு, கிணறு வற்றிய கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள். அண்ணன் லாரியை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் காய்த்துக்கொண்டிருந்தன. அதனால் அந்தத் தோப்பைப் பற்றிப் பேசும்போது அக்கா “என்ற மரம்” என்பார். அண்ணன் “அவ மரம்” என்பார்.

அந்த மரங்கள் இரண்டு வருடமாக நுனியிலிருந்து காய்ந்துகொண்டிருந்தன. இதை நுனிக்கருகல் என்போம். முதலில் கிளையின் நுனி இலை பழுப்பாகிச் சுருளும். பிறகு அந்தக் கிளை மேலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும். பட்டை வெடித்துப் பிசின் வடியும். கேட்பாரில்லாமல் விட்டால் அடிமரம் வரை இறங்கிவிடும். காரணம் ஒரு பூஞ்சாணம். கண்ணுக்குத் தெரியாத சங்கதி, கண்ணுக்கு நேராக மரத்தைத் தின்றுவிடும்.

நான் போனபோது ஜேசிபி தோப்பு முகப்பில் நின்றது. அதற்கு நேர் எதிரே, முதல் மரத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி அக்கா உட்கார்ந்திருந்தார். ஜேசிபி ஓட்டுகிறவர் வண்டிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டீ போட்டுக் கொடுத்ததும் அக்காதான். வந்தவருக்கு டீ கொடுத்துவிட்டு அப்புறம் வண்டிக்குக் குறுக்கே உட்கார்ந்திருக்கிறார்.

செங்கோடன் அண்ணன் என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். “ஏனுங்க மேடம், எளவு ஊட்டுக்கு யாராச்சும் தலைக்கு எண்ணெய் வெச்சுட்டு வருவாங்களா?”

“இன்னும் எளவு விழுகலீங்கண்ணா. விழுகாமப் பாக்கத்தான் வந்திருக்கேன்.”

“காயற மரத்தப் பாத்துட்டு எத்தன நாளைக்குங்க உக்காந்திருக்கறது? ரெண்டு வருசமா ஒழுங்கா ஒரு காய்ப்பு இல்ல. சுத்தியும் கோழிக் கொட்டாய் போட்டு அவனவன் எங்கியோ போயிட்டான். நாங்க மட்டும் வெறகக் காவக் காத்துட்டு கிடக்கறோம்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அது தெரியும். இருந்தாலும் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அந்த மனுஷியைப் பார்த்தபின் துறைச் சட்டம் பேச வாய் வரவில்லை. “ஒரு வருசம் குடுங்கண்ணா. அடுத்த ஆடிக்குள்ள தழையலைன்னா நானே வந்து இந்த வண்டிய ஓட்டறேன்” என்றேன்.

“உங்களுக்கு ஸ்கூட்டரே ஒழுங்கா ஓட்ட வராதுங்களே.”

ஜேசிபிக்காரர்தான் முதலில் சிரித்தார். அண்ணனும் சிரித்துவிட்டார். அடுத்த ஆடி வரைக்கும் என்று பேச்சு முடிந்து, வண்டி வந்த வழியே திரும்பிப் போனது.

2. மயில்துத்தமும் சுண்ணாம்பும்

மறுநாள் முறையாக வேலையை ஆரம்பித்தோம். காய்ந்த கிளை ஒன்றை வெட்டி, பட்டையைச் சீவி அண்ணனிடம் காட்டினேன். வெளியே பச்சையாக இருந்த இடத்திலும் உள்ளே கட்டையில் பழுப்புக் கோடு ஓடியிருந்தது. அண்ணன் விரலால் தடவிப் பார்த்தார்.

“டயர்ல பட்டன் நல்லாத்தான் இருக்குது, உள்ளாற நூல் வந்துருச்சு, அப்படித்தானுங்க?”

மேலே ரப்பர் தேயாத டயர் உள்ளே நைந்திருப்பது போல என்கிறார் பழைய லாரிக்காரர். எங்கள் துறைக் கையேட்டில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருப்பதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

வைத்தியம் பழைய வைத்தியம்தான். பழுப்புக் கோடு முடிகிற இடத்துக்கு நாலு விரற்கடை கீழே, நல்ல கட்டையில் வெட்ட வேண்டும். ஒரு மரத்தில் வெட்டிய ரம்பத்தை மருந்துத் தண்ணீரில் முக்காமல் அடுத்த மரத்தில் வைக்கக் கூடாது. வெட்டுவாயில் போர்டோ பசை பூச வேண்டும். போர்டோ பசை என்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும். இரண்டையும் தனித்தனியாக பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, பிறகு சேர்க்க வேண்டும். இரும்பு வாளி ஆகாது. பதம் சரியா என்று பார்க்க, தீட்டின கத்தியைக் கொஞ்ச நேரம் அதில் முக்கி எடுப்போம். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம்.

கிளை வெட்டும் கவாத்துக்கு ஆள் கூட்டி வந்திருந்தேன். பசை பூச மட்டும் அண்ணன் யாரையும் விடவில்லை. அறுபத்தேழு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார். “ஏனுங்க, எறங்குங்க, இடுப்பு போயிரும்” என்று அக்கா கீழே நின்று கத்தினார். “லாரி பாடிக்குப் பெயின்ட் அடிச்ச கை இது. நீ ஏணியப் புடி” என்று அவர் மேலிருந்து கத்தினார். நாலு நாளில் நாற்பத்திரண்டு மரமும் நீலக்கட்டுப் போட்ட ஆஸ்பத்திரி நோயாளிகள் மாதிரி நின்றன. கொட்டாய் போட ஆசைப்பட்ட மனிதர் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

கிளம்பும்போது அக்காவிடம் சொன்னேன். “வெட்டுன கொப்பெல்லாம் மரத்தடியில கிடக்கக் கூடாதுங்கக்கா. அப்புறப்படுத்திருங்க.”

“ஆகட்டுங்க மேடம். ஒரு குச்சி கீழ கிடக்காது, பாருங்க.”

அடுத்த முறை போனபோது சத்தியமாக ஒரு குச்சி கீழே இல்லை. தோப்பு கல்யாண வீட்டு வாசல் மாதிரி கூட்டிப் பெருக்கிக் கிடந்தது.

3. பழைய குருடி கதவைத் திறடி

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போவேன். தோப்பின் நடுவில் மோட்டார் ரூம். அதை ஒட்டி அக்கா விறகை அடுக்கி வைத்திருந்தார். ஒரே நீளத்தில் நறுக்கி, இடுப்பு உயரத்துக்கு, சுவர் கட்டினது போல அவ்வளவு நேர்த்தியான அடுக்கு. அதன்மேல் சாக்கை விரித்து என்னை உட்காரச் சொல்வார். நான் ஊரிலிருந்து கை முறுக்கு வாங்கிப் போவேன். அவர் மோர் கொண்டுவருவார். முறுக்கைக் கடித்துக்கொண்டே நான் பார்வைக் குறிப்பு எழுதுவேன். “நோயுற்ற கிளைகள் வெட்டி அப்புறப்படுத்தப்பட்டன” என்று எழுதியதும் அந்த அடுக்கின்மேல் உட்கார்ந்துதான். இதைப் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அப்போது எனக்குப் புரியவில்லை.

ஆவணிக் கடைசியில் வெட்டுவாய்க்குக் கீழே மொட்டு பிதுங்கியது. அக்கா ஒவ்வொரு மொட்டாகத் தொட்டுக் காட்டினார். புரட்டாசியில் நல்ல மழை. மழை விட்டு ஐப்பசியில் போய்ப் பார்த்தால், நான் நல்ல கட்டை பார்த்து வெட்டிப் பசை பூசிய நுனிகள் மறுபடியும் காய்ந்திருந்தன. பசைக்குக் கீழே குதிகால் வெடிப்பு மாதிரி மெல்லிய வெடிப்பு, அதில் பிசின். முன்னே லேசாக மட்டும் தொந்தரவு இருந்த மரங்களிலும் வேகமாகப் பரவியிருந்தது. பழைய குருடி கதவைத் திறடி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மயில்துத்தம் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். பாவம், அவர் புதுப் பையைப் பிரித்து என் முன்னாலேயே கரைத்துக் காட்டினார். கவாத்து ஆட்கள் ரம்பத்தை முக்கவில்லை என்று அவர்களைத் திட்டினேன். மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். அதே பூஞ்சாணம் என்று பதில் வந்தது. அது எனக்கே தெரியுமே! எங்கிருந்து திரும்பி வந்தது என்பதுதான் தெரியவில்லை.

செங்கோடன் அண்ணன் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “பரவால்லீங்க மேடம். நீங்களும் என்ன பண்ணுவீங்க” என்றார். அக்கா மோரை என் கையில் கொடுத்தார். அந்த மனுஷிக்கு நான் வாங்கிக் கொடுத்த ஒரு வருடத்தில் மூன்று மாதத்தை வீணாக்கிவிட்டேன்.

4. சேலையில் ஒட்டிய கரி

அந்த ஐப்பசியிலேயே ஒரு வெள்ளிக்கிழமை. எந்த மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று ஒரு தாளில் தோப்பை வரைந்து, சிவப்பு மையில் புள்ளி வைத்துக்கொண்டு நடந்தேன். தூறல் பிடித்தது. மோட்டார் ரூம் ஓரமாக ஒதுங்கி விறகு அடுக்கின்மேல் உட்கார்ந்தேன். அன்று சாக்கு விரிக்கவில்லை. எழுந்தபோது அக்கா பின்னால் நின்று கேட்டார்.

“ஏன் சாமி, சீலையெல்லாம் கரியாட்டம் அப்பியிருக்குது?”

சந்தன நிறச் சேலை. திரும்பிப் பார்த்தேன். உட்கார்ந்த இடம் முழுக்கக் கறுப்பு. கையை முகர்ந்தேன், அடுப்புக்கரி வாசனை இல்லை. ஒரு கட்டையை உருவி லென்ஸில் பார்த்தேன். பட்டை முழுக்கக் குண்டூசித் தலை அளவுக்குக் கறுப்புக் கறுப்பாக முளைத்திருந்தது. அது பூஞ்சாணம் வித்து வைக்கிற இடம். மரம் செத்தாலும் பூஞ்சாணம் சாவதில்லை. காய்ந்த கட்டையில் உட்கார்ந்துகொண்டு மழைக்காகக் காத்திருக்கும். மழைத்துளி தெறித்தால், காற்று அடித்தால், பக்கத்து மரத்தில் புதிதாக வெட்டிய வாய் எங்கே என்று போய் ஒட்டிக்கொள்ளும்.

தாளை எடுத்துப் பார்த்தேன். சிவப்புப் புள்ளிகள் மோட்டார் ரூமைச் சுற்றித்தான் நெருக்கமாக இருந்தன. தள்ளிப் போகப் போகக் குறைந்திருந்தன. மூன்று மாதமாக நோயின்மேல் உட்கார்ந்துகொண்டு நோயைத் தேடியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டு இருவரிடமும் சொன்னேன். “இந்த வெறகுதானுங்க காரணம். நான் இதும்மேலயே உக்காந்துட்டு கவனிக்காம உட்டுட்டேன். இன்னிக்கே இத இங்கிருந்து எடுத்து எரிச்சரோணும்.”

“இதை எடுக்கக் கூடாதுங்க மேடம்” என்றார் அக்கா.

அக்கா என்னிடம் ‘கூடாது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

“எத்தன கட்டை இருந்தாலும் அடுப்புக்கு வேற வாங்கிக்கலாம் புள்ள” என்றார் அண்ணன்.

“அடுப்புக்கில்லீங்க.” அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். “கருப்பனாருக்கு வேண்டியிருக்கறனுங்க. மரம் பொழைச்சா கெடா வெட்டி ஊருக்கே சோறு போடறேன், வெட்டுன கொப்புலயே ஆக்கிப் போடறேன்னு. நீங்க மொதக் கொப்ப வெட்டுனன்னிக்கே காசு முடிஞ்சு வெச்சுட்டேன். வேண்டுதல வெளிய சொன்னா பலிக்காதுன்னு உங்ககிட்டக்கூடச் சொல்லல. இப்ப சொல்ல வெச்சுட்டீங்களே.”

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எந்த மரம் பிழைக்க வேண்டும் என்று விறகைச் சேர்த்தாரோ, அந்த மரத்தையே அந்த விறகு கொன்றுகொண்டிருந்தது. அழுகிறவரிடம் இதை மறுபடியும் எப்படிச் சொல்வது? சாமிக்கென்று ஒதுக்கியதை வெறுமனே கொளுத்தச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அடுக்கை அப்படியே விட்டுவைக்கவும் வழியில்லை. அரசாங்கச் சுற்றறிக்கை எதிலும் கருப்பனாரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

செங்கோடன் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். “எங்கிட்டக்கூடச் சொல்லல பாருங்க இவ.” அப்புறம் அக்கா பக்கம் திரும்பினார். “ஏ புள்ள, சாமிக்கு வேண்டுனது சோறு. பொழைச்ச பொறவுதான் போடோணும்னு சாமி சொல்லுச்சா? லோடு எறக்கறதுக்கு முன்னாடி லாரிக்காரனுக்கு அட்வான்ஸ் குடுக்கறதில்லியா? முன்னாடியே போட்டுருவோம். வாங்குன பொறவு அந்தச் சாமி மரத்தப் பாக்காம எங்க போயிரும்?”

அக்கா முந்தானையை எடுத்தார். “அப்படிப் பண்ணலாமுங்களா?”

“பண்ணுனா என்ன? புரட்டாசியும் முடிஞ்சு போச்சு. நாளன்னிக்கு ஞாயித்துக்கெழம. கெடாவுக்கு நான் போறேன்.”

5. அட்வான்ஸ் விருந்து

அந்த விறகை எடுத்துப் போனதை நான் மறக்க மாட்டேன். தூள்கூடத் தோப்பில் சிந்தக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அண்ணன் டிராக்டர் டிரெய்லரில் கீழே ஒரு தார்ப்பாய், மேலே ஒரு தார்ப்பாய் போட்டு, கயிற்றை இழுத்து லாரி லோடுக்குப் போடுகிற முடிச்சுப் போட்டார். மோட்டார் ரூம் ஓரத்து மண்ணைச் சுரண்டிச் சாக்கில் கட்டிக்கொண்டார். “டெல்லி வரைக்கும் போனாலும் ஒரு சிலும்பு விழுகாதுங்க” என்றார். போனது ஹைவேக்கு அந்தப் பக்கம், பாறைமேல் இருக்கிற கருப்பனார் கோயிலுக்கு.

நனைந்த விறகு லேசில் பற்றவில்லை. பற்றிய பிறகும் ஒரே புகை. சோறு, குழம்பு, கறி எல்லாவற்றிலும் புகை வாசம். சாப்பிட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். சமையல் முடிந்த பிறகும் அடுப்பை அணைக்க விடாமல், கடைசிக் கட்டை சாம்பலாகும் வரை நான் கம்பால் கிளறிக்கொண்டு நின்றேன். ஊரே என்னை ஒரு மாதிரி பார்த்தது.

பந்தியில் ஒருவர் கேட்டார். “எதுக்குங்க செங்கோடண்ணா விருந்து?”

“மரம் பொழைச்சதுக்கு.”

“பொழைச்சுருச்சுங்களா?”

“பொழைக்கும். நீ சாப்புடு.”

அக்கா எனக்கு முதல் இலையில் பரிமாறினார். கறியை அள்ளி வைக்கும்போது குனிந்து மெதுவாகச் சொன்னார். “சாமி பங்கு முடிஞ்சுதுங்க. இனி உங்க பங்கு.”

தையில் மழை ஓய்ந்து வெயில் வந்ததும் மறுபடி கவாத்து. இந்த முறை வெட்டிய ஒவ்வொரு கிளையும் அன்றன்றைக்கே தார்ப்பாயில் சுற்றிப் பாறைக்குப் போய்ச் சாம்பலானது. மோட்டார் ரூமைச் சுற்றி ஏழு மரங்களில் நோய் அடிமரம் வரை இறங்கிவிட்டது. அவற்றை வேரோடு எடுக்க வேண்டும் என்று நான் இழுத்து இழுத்துச் சொன்னபோது அக்கா என் கையைப் பிடித்து, “எடுங்க கண்ணு, மத்ததாச்சும் இருக்கட்டும்” என்றார். அவர் ஆறுதல் சொல்ல, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பங்குனியில் மிச்சமிருந்த முப்பத்தைந்து மரமும் செந்தளிர் விட்டன. நாலைந்து மரங்களில் பூவும் வந்தது.

6. கேட்காமல் விட்ட கேள்வி

வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது மருந்துப் பெயர் அல்ல. அது கையேட்டில் இருக்கிறது. நான் முப்பத்தொரு வருடமும் விவசாயிகளிடம் “இதைச் செய்யுங்க” என்று சொன்னேன். “ஆகட்டுங்க” என்றார்கள். அதோடு நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன். பாவாயி அக்காவிடம் அன்றைக்கே, “அக்கா, இந்தக் கொப்பையெல்லாம் எடுத்து என்ன செய்வீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த ஏழு மரம் இன்றைக்கும் நின்றிருக்கும். மரக்கட்டையை வீணாகக் கொளுத்துவது நம் சனத்தின் ரத்தத்திலேயே கிடையாது. எதற்காவது எடுத்துத்தான் வைப்பார்கள். அது எதற்கு என்று கேட்பதும் நம் வேலைதான்.

அந்த ஆடியில் நான் ஓய்வு பெற்றேன். அதற்கு முந்தைய வாரம் ஒரு காலை செங்கோடன் அண்ணனிடமிருந்து போன். அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை. எப்போதும் அக்காதான் பேசுவார். வருடக்கெடு முடிகிற நேரம் என்பதால், மறுபடி எந்த மரம் காய்கிறதோ என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

“மேடம், கன்னுக்குக் கன்னு எத்தன அடி எடவெளி உடோணுங்க?”

“என்ன கன்னுங்கண்ணா?”

“மல்கோவா ஒட்டுக் கன்னுதானுங்க. அந்த ஏழு மரம் போன எடம் காலியாத்தான கிடக்குது.”

“அதே குழியில உடனே வெக்காதீங்க. தள்ளித்தான் வெக்கோணும். முப்பது அடி உடுங்க.”

“முப்பதா? காய்ப்புக்கு வர எத்தன வருசமாகும்?”

“அஞ்சாறு வருசம் ஆகுமுங்க.”

அந்தப் பக்கம் அவர் வாய்க்குள் வருடத்தைக் கூட்டுவது கேட்டது.

“எனக்கு அறுவத்தெட்டு முடியுதுங்க” என்றார். அப்புறம், “செரிங்க. முப்பது அடியே உடறேன். அவகிட்டச் சொல்லீராதீங்க, நட்டுப்போட்டு நானே கூட்டிப் போய்க் காட்டிக்கறேன்” என்றார்.

போனை வைத்துவிட்டு நான் ஆபீஸ் நாற்காலியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்து மேசைக்காரர், ஓய்வு பெறப்போகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.